விண்டர் செட்

காலை ஆறு மணிக்கே அல் கூஸ் ஷெட்டின் தகரக்கூரை சூடேறிப் படபடக்க ஆரம்பித்திருந்தது. செல்வசிங் ஏழாம் நம்பர் வண்டியின் பின்பக்க வலது டயருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்ததும் பள்ளம் உடனே நிமிரவில்லை. பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள். தேதி மே இருபத்திரண்டு. இந்த டயர் இந்நேரம் ஸ்டோரில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்திருக்க வேண்டும்.

டூரிஸ்டுகளைப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போகிற கம்பெனி அது. மொத்தம் பன்னிரண்டு வண்டி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு செட் டயர். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை மணல்மேடுகளில் ஏறி இறங்குவதற்கு மெத்தென்ற அகல டயர்கள். இதை ஷெட்டில் விண்டர் செட் என்பார்கள். வெயில் காலத்தில் மணலுக்கு ஆள் வராது. வண்டிகள் ஏர்போர்ட், அல் ஐன் என்று ரோட்டிலேயே ஓடும். ஜூன் கடைசியில் சலாலாவில் சாரல் தொடங்கிவிட்டால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டி அங்கேயும் போகும். ரோட்டுச் சூட்டில் மெத்தென்ற டயர் இளகி வெடிக்கும் என்பதால் அதற்கு விறைப்பான சம்மர் செட். எந்தத் தேதியில் மாற்றுவது என்று சொல்ல வேண்டியவர் செல்வசிங். அவர் காலண்டர் பார்ப்பதில்லை. ஏப்ரல் பிறந்ததும் தினமும் காலை பத்து மணிக்கு ஷெட் வாசலில் தார் ரோட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணுவார். எந்த நாளில் பத்துக்குள் கையை எடுக்க வேண்டி வருகிறதோ, அன்றைக்கு விண்டர் செட் கலாஸ். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அது ஏப்ரல் மூன்றாம் வாரத்தைத் தாண்டியதில்லை. மணலுக்கு இன்னும் புக்கிங் இருக்கிறது என்று ஆபீசில் முனகுவார்கள். "வண்டி ஓடாதுன்னா ஓடாது, சார்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த வருஷம் அவர் கை ஏப்ரல் பதினெட்டாம் தேதி எட்டு எண்ணும்போதே சுட்டுவிட்டது. ஆபீஸ் படியேறிப் போய் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் சிவசங்கரன் கோயம்புத்தூர்க்காரர், குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. "ஹஜ் பெருநாள் வரைக்கும் சாயங்கால ட்ரிப் ஃபுல்லா இருக்குங்க. அது முடியட்டும், ஒரேயடியா மாத்திடலாம்" என்றார். சொல்லும்போது மேஜைமேல் இருந்த ஒரு கட்டுக் காகிதத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். விசா புதுப்பிக்க வேண்டியவர்களின் பாஸ்போர்ட் நகல்கள். மேலே இருந்தது செல்வசிங்கின் படம். அவருக்கு ஐம்பத்தொன்பது முடிகிறது. அந்த வயதுக்குமேல் ஆளை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்பது கம்பெனியின் விருப்பம். மேனேஜர் வேண்டுமென்றே நகர்த்தினாரா, தற்செயலா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. "செரி சார்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார். சாயங்கால ட்ரிப் தானே, வெயில் தாழ்ந்த பிறகு முக்கால் மணி நேர ரோடு தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆனால் இன்றைக்கு ஏழாம் நம்பருக்குப் பகல் ட்ரிப் வந்துவிட்டது. குவைத்திலிருந்து வந்திருக்கும் ஹைதராபாத் தம்பதியை அல் ஐனுக்குக் கூட்டிப்போய் மத்தியானம் திரும்ப வேண்டும். டிரைவர் கார்மேகம், முதுகுளத்தூர்ப் பக்கம், முப்பத்துநாலு வயது. வந்ததும் டயரைத்தான் பார்த்தான்.

"அண்ணே, இதோடயா போகச் சொல்றீங்க? திரும்பி வாறப்ப ரெண்டு மணி வெயிலுண்ணே."

"மாத்துனா சாயங்காலம் திரும்பவும் மாத்தணும்லே. அஞ்சு மணிக்கு இதே வண்டிக்கு மணல் ட்ரிப்பு கெடக்கு."

"அதுக்கில்லண்ணே..."

"நூறுக்கு மேல போவாத. காத்து நானே அடிச்சுத் தாறேன், மக்கா."

முந்தின நாள் மணலுக்காகக் காற்றைப் பாதியாக இறக்கியிருந்தார்கள். செல்வசிங் குழாயை இழுத்துவந்து நாலு சக்கரத்துக்கும் முப்பத்தைந்து ஏற்றினார். ஒவ்வொன்றிலும் மீட்டரை வைத்துப் பார்த்து வாய்விட்டுச் சொன்னார். கார்மேகம் பக்கத்தில் நின்று, டீ குடித்துக்கொண்டே தலையாட்டினான். ட்ரிப் ஷீட்டில் 'ரோட்டுக்குத் தகுதியானது' என்ற கட்டத்தில் செல்வசிங் கையெழுத்துப் போட்டு, வழக்கம்போல அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் இரண்டே காலுக்குப் போன் வந்தது. திரும்பி வரும் வழியில் பின்பக்க வலது டயர் வெடித்து, வண்டி இரண்டு முறை உருண்டு தடுப்பில் மோதிக் கிடந்தது. கணவன் ஹஸ்னைனுக்குச் சிராய்ப்பு. மனைவி நஜீஹாவின் வலது கை கதவுக்கும் தடுப்புக்கும் நடுவில் சிக்கி முழங்கைக்குக் கீழே நசுங்கிவிட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் என்பது பிறகுதான் தெரிந்தது. கார்மேகத்துக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு, தலையில் அடி. இரண்டு நாள் நினைவே வரவில்லை.

மறுநாள் காலையிலேயே சிவசங்கரன் ஷெட்டுக்கு இறங்கிவந்தார். மீதி பதினோரு வண்டிக்கும் இன்றைக்கே சம்மர் செட் மாட்டிவிட வேண்டும் என்றார். சாயங்கால ட்ரிப்புகளை ரத்து செய்தாகிவிட்டதாம். ஒரு மாதமாக முடியாத காரியம் ஒரே பகலில் முடிந்தது. கழற்றிப் போட்ட டயர்களை அடுக்கும்போது செல்வசிங் எதையும் விரலால் அழுத்திப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் மேனேஜர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருஷத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"போலீஸுக்கு எழுதிக் கொடுக்கணுங்க. டயர் நார் நாராப் போச்சு. காத்து கம்மியா இருந்தாலும் வெடிக்கும்தான். காத்து எவ்வளவு இருந்துச்சுன்னு இனி எந்த மிஷினும் சொல்லாது. முந்தின நாள் மணல்ல இறக்கியிருக்காங்க, அது ட்ரிப் ஷீட்ல இருக்கு. திரும்ப ஏத்தினது எதுலயும் இல்ல. கார்மேகத்தைக் கேட்டா அந்தக் காலையே அவனுக்கு ஞாபகம் இல்லைங்கறான்." சிவசங்கரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க அடிச்சீங்களா?"

செல்வசிங் வாயைத் திறந்தார்.

"அடிச்சிருந்தா சொல்லுங்க, அப்படியே எழுதிடலாம். உங்க வாயால வரணும், அவ்வளவுதான். டயரைப் பாத்து, காத்தும் அடிச்சு, அதோடயே போன்னு அனுப்பினது நீங்கன்னு ஆகும். கையெழுத்தும் உங்களோடது."

மாற்ற வேண்டாம் என்று சொன்னது யார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அப்படிச் சொன்னதற்குத் தாள் ஏது? இந்த வயதில் கேஸ் என்று வந்தால், விசா இல்லாமல், ஊருக்கும் போக முடியாமல், கோர்ட்டுக்கும் கேம்ப்புக்கும் அலைகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். குளச்சலில் மனைவி லீமா முழங்கால் வலியோடு கட்டிமுடித்த வீட்டின் மாடிப்படிக்கு இன்னும் கைப்பிடி வைக்கவில்லை. அந்த நேரத்தில் அந்தக் கைப்பிடிதான் அவர் நினைவுக்கு வந்தது. ஒரு பெண்ணின் கை போயிருக்கிறது, தனக்கு மாடிப்படிக் கைப்பிடி நினைவு வருகிறதே என்றும் தோன்றியது.

"காத்து டிரைவர்தான் பாக்கணும் சார்," என்றார். "ரூல்ஸ் அப்படித்தானே."

ரூல்ஸ் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கிறது, ஷெட் சுவரில். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. படியிறங்கும்போது இதை இரண்டு தடவை நினைத்துப் பார்த்துக்கொண்டார்.

அந்த வாரம் கார்மேகத்தின் மனைவி நாகவள்ளி ஊரிலிருந்து பேசினாள். நம்பரை யார் கொடுத்தார்களோ. "காத்தடிக்க மறந்துட்டாகன்னு ஆபீஸ்ல சொல்றாகளாம்ணே. அவுக அப்படி மறக்குற ஆளு இல்லையே. வீட்ல கேஸ் அடுப்ப அணைச்சமான்னு பாதி வழி போயித் திரும்பி வந்து பாத்துட்டுப் போறவுக. நீங்க கூடவே இருக்கவுக, நீங்க சொல்லுங்கண்ணே." லைன் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். லைன் தெளிவாகத்தான் இருந்தது. கன்றுக்குட்டி கத்துவதுகூடக் கேட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கத்தான் பார்த்தார். ஆனால் ஷெட்டிலிருந்து எல்லோரும் ஒரு முறை போய்வந்துவிட்டார்கள்; தான் மட்டும் போகாவிட்டால் அதுவே ஒரு சொல்லாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கார்மேகத்துக்குத் தலையை ஒரு பக்கம் மழித்திருந்தார்கள். கழுத்தில் பட்டை. அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"அந்தக்கா கை எப்படியிருக்குண்ணே? யாரக் கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறாக."

"பாத்துக்கிட்டிருக்காவ. நீ படு."

அவன் படுத்துக்கொண்டான். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெங்காலி யாரோடோ வீடியோவில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். உங்களத் தவிர யாரயும் கேக்க முடியாது." குரலைத் தாழ்த்தினான். "எனக்கு என்னமோ அன்னைக்குக் காலையில நீங்க காத்து அடிச்ச மாதிரியே இருக்கு. நீங்க முப்பத்தஞ்சு, முப்பத்தஞ்சுன்னு சொல்றீக. நான் டீ குடிக்கிறேன். கப்பு சூடுகூட கையில தெரியுது. மேனேஜர் சார் சொல்றாரு, அடிபட்டா மூளை அப்படித்தான், நடந்த மாதிரியே காட்டுமாம். வேற என்னைக்கோ நடந்ததக் கொண்டாந்து வெச்சுக்கிருமாம். அன்னைக்கு நீங்க அடிச்சீங்களாண்ணே?"

அவன் சண்டைக்குக் கேட்கவில்லை. சாட்சிக்கும் கேட்கவில்லை. இருட்டு அறையில் சுவரைத் தடவுகிறவன் போலத்தான் கேட்டான். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவனுக்கு அவன் தலை திரும்பக் கிடைத்துவிடும். அதை வெளியில் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டால் சொல்லவும் மாட்டான், அப்படிப்பட்டவன்தான். செல்வசிங் இதையெல்லாம் அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தெளிவாக யோசித்தார். ஆரஞ்சுப் பையின் முடிச்சை அவிழ்த்தார், மறுபடி போட்டார்.

"எனக்கும் செரியா ஞாபகம் இல்ல மக்கா," என்றார். "தினமும் பன்னெண்டு வண்டி. எந்த நாளு எதுக்கு அடிச்சம்னு..."

"அதானே," என்றான் கார்மேகம். "அதானே. நாந்தான்ணே. முந்தின நாளு நீங்க அடிச்சதுதான் அது."

கண்ணை மூடிக்கொண்டான். அவன் முகம் மெல்ல மெல்ல அடங்கிப்போவதை செல்வசிங் பார்த்தார். ஒரு மனுஷன் ஒரு பழியை எடுத்துத் தன் தலைக்குக் கீழே தலையணையாக வைத்துக்கொள்வதுபோல இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. கோர்ட்டில் கேட்டபோது கார்மேகம் ஆமாம், மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டான். லைசென்ஸ் போயிற்று. கம்பெனி அவன் விசாவைக் கேன்சல் செய்தது. நஜீஹாவின் கையை முழங்கையோடு எடுத்துவிட்டார்கள். அவளும் கணவனும் குவைத்துக்குத் திரும்பினார்கள். ஜூன் கடைசியில் செல்வசிங்கின் விசா வந்தது, இன்னும் இரண்டு வருஷத்துக்கு. சிவசங்கரன் அதைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தார்.

ஜூலை நடுவில் கார்மேகத்தை ஷார்ஜா ஏர்போர்ட்டுக்கு யாராவது கொண்டுவிட வேண்டியிருந்தது. "அண்ணனே வரட்டும்" என்று அவன்தான் சொன்னானாம். வழியெல்லாம் வண்டி எண்பதைத் தாண்டும்போது அவன் கால் தானாகப் பிரேக் தேடித் தரையை மிதித்தது. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஊரில் மாமனார் கருவேலங்கரி மூட்டம் போடுகிறார், அதில் சேர்ந்துகொள்ளப் போவதாகச் சொன்னான். வண்டி மட்டும் இனி தொடுவதில்லை என்றான்.

ஏர்போர்ட் வாசலில் இடது கையால் பெட்டியை இறக்கினான். பிறகு போனை எடுத்தான்.

"அண்ணே, உங்களுக்கு ஒரு வாய்ஸ் அனுப்பியிருக்கேன். அந்தக்காவுக்கு. ஆபீஸ்ல அவுக நம்பர் இருக்கும், எனக்குத் தர மாட்டேங்கறாக. நீங்க எப்படியாச்சும் அனுப்பி விட்ருங்க. எழுதத்தான் பாத்தேன், வரல." பெட்டியின் பிடியை இழுத்து நிமிர்த்தினான். "என்னால உங்க கையெழுத்துக்கும் கெட்ட பேரு வந்துச்சு. மனசுல வெச்சுக்காதீகண்ணே."

கண்ணாடிக் கதவு திறந்து அவனை உள்ளே எடுத்துக்கொண்டது. திரும்பிப் பார்த்துக் கையாட்டினான். கழுத்து முழுக்கத் திரும்பாததால் உடம்போடு சேர்ந்து திரும்பி ஆட்டினான்.

செல்வசிங் பார்க்கிங்கில் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து அந்த வாய்ஸைப் போட்டார். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. கேம்ப் ரூம்போல இருந்தது, பின்னால் ஃபேன் சத்தம். கார்மேகத்தின் ஓட்டை ஹிந்தி. "மேடம், மே டிரைவர் கார்மேகம். கல்தி மேரா ஹை. டயர்மே ஹவா நஹீ டாலா. பூல் கயா, மேடம்." தப்பு என்னுடையது, காற்று அடிக்க மறந்துவிட்டேன் என்று அதையே மூன்று விதமாகச் சொன்னான். நடுவில் வார்த்தை கிடைக்காமல் நின்றான். ஃபேன் மட்டும் ஓடியது. பிறகு ஹிந்தியை விட்டுவிட்டு, அவளுக்குப் புரியாது என்பதையும் மறந்து, தமிழில் கேட்டான். "இடது கையால படம் போட வருதாக்கா?"

முடிந்ததும் திரையில் ஃபார்வர்டு அம்புக்குறி தெரிந்தது. நஜீஹாவின் நம்பர் ஆபீஸில் இருந்து வாங்க வேண்டியதில்லை. அன்றைய ட்ரிப் ஷீட்டின் போட்டோ அவர் போனிலேயே இருந்தது. அவர் கட்டைவிரல் அம்புக்குறிக்கு மேலே நின்றது. வெளியே யாரோ அவருடைய இடத்துக்காகக் காத்து நின்றார்கள். கண்ணாடியில் அந்த வண்டியின் மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஹாரன் ஒருமுறை அடித்தது, பிறகு அடிக்கவில்லை. விளக்கு மட்டும் எரிந்து அணைந்து எரிந்து கொண்டிருந்தது.