சட்டத்தின் நடுவில் ஒரு பூச்சி

ரத்தோட்டைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் மார்ஜரியின் விரல்களைப் பற்றிப் பேசாதவர்கள் கிடையாது. கோயில் பீடத்துக்கு விரிப்புத் தைத்ததில் தொடங்கிய பேச்சு அது. பங்களாவில் சமைத்துப் பரிமாறும் அப்புவாக இருந்த அவள் புருஷன் நோபர்ட், அவள் பூவேலை செய்த கைக்குட்டையொன்றைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் காட்டப்போய்தான் எல்லாம் வந்தது. துரை அவளைக் கூப்பிட்டனுப்பி, மேசைமேல் ஒரு தூண்டில் முள்ளையும் கொஞ்சம் இறகுகளையும் வைத்து, தூண்டில் பூச்சிகளின் படப் புத்தகமொன்றை விரித்தார்.

துரையின் ஊர் ஆறுகளில் ஏறிவரும் பெரிய மீன்களை ஏய்த்துப் பிடிக்க முன்னொரு காலத்தில் கட்டிய பொய்ப்பூச்சிகள் அவை. முள்ளின்மேல் பட்டு நூலும் சரிகையும் சுற்றி, நிறநிறமான இறகுகளை வைத்துக் கட்டுவார்கள். துரை அவற்றைத் தண்ணீரில் போடப்போவதில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் வரிசையாகப் பதித்துச் சுவரில் மாட்டவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அவருடைய தடித்த விரல்களில் இறகு முறிந்தது, நூல் அறுந்தது. மார்ஜரிக்கோ புத்தகத்துப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் கை ஓடியது.

அவள் அதில் விழுந்துபோனாள் என்றுதான் சொல்லவேண்டும். தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பிராவில், மேசை விளிம்பில் இறுக்கிய சின்ன இடுக்கியில் முள்ளை மாட்டிவிட்டு உட்கார்ந்தாளானால், அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் வாசம் வந்தால்தான் எழும்புவாள். மீன்கொத்தியின் நீலத்தை மயிலிறகின் பச்சையோடு சேர்க்கிறபோது வரும் அந்த மினுக்கம், பிறந்ததிலிருந்து கொழுந்துப் பச்சையையும் மழைச் சாம்பலையும் மட்டும் பார்த்து வந்தவளுக்குக் கிறக்கமாகவே இருந்தது.

சட்டம் நிறைந்து வந்தது. நடு இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. அந்தப் பூச்சிக்கு நெருப்பு நிறக் கழுத்திறகு வேண்டும். சீமையிலிருந்து வரவேண்டிய பார்சல், இறக்குமதித் தடை என்று கொழும்பிலேயே முடங்கிக் கிடந்தது. துரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அவர் முகம் சுருங்கினால் நோபர்ட்டுக்குச் சோறு இறங்காது.

தோட்டத்துக் கேற்றுக்கு வெளியே ஜுனைதா ராத்தாவின் தேத்தண்ணிக் கடை. லொறி ஓட்டிய அவள் புருஷன் முஹம்மது நாலந்தாவுக்குக் கிட்ட விபத்தில் மவுத்தானவர். சாவதற்கு முந்திய பயணத்தில் பல்லேகமவிலிருந்து ஒரு குஞ்சைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். காட்டுக்கோழிக் கலப்பு. அது வளர்ந்து, சிவந்த கொண்டையின் நடுவில் மஞ்சள் படர, கழுத்தெல்லாம் தணல்போல எரிகிற சேவலாகியிருந்தது. ஜுனைதாவின் உள்ளங்கையில்தான் அது தீன் பொறுக்கும்.

ஒரு சாயங்காலம் நோபர்ட் காகிதப் பொட்டலமொன்றை மேசையில் வைத்தான்.

"எங்கிருந்துங்க இது?"

"எங்கிருந்தோ. ஒனக்கெதுக்கு? கட்டு."

பிரித்தாள். பிரித்ததுமே தெரிந்துவிட்டது. தினமும் காலையில் ராத்தாவின் கடைக்குப் பாண் ரொட்டி வாங்கப் போகிறபோது பார்க்கிற கழுத்து.

"படுபாவி! ராத்தாவோட சேவலையா..."

"சத்தம் போடாத. செத்தது செத்துருச்சு. அத வீணாக்கணுமா?"

அவள் அழுதாள். இந்தக் கையால் அதைத் தொடமாட்டேன் என்றாள். நோபர்ட் வெளியே போய்விட்டான். பொட்டலம் திறந்தபடியே கிடந்தது. விளக்கு வெளிச்சத்தில் இறகின் ஓரத்தில் ஊதா ஓடியது. ஒன்றை எடுத்துப் பார்த்தாள், சும்மா பார்க்கத்தான். பிறகு அது முள்ளின் கழுத்தில் எப்படிச் சுற்றிப் படியும் என்று பார்த்தாள். படிந்தது. அவள் கட்டிய பூச்சிகளிலேயே அதற்கு ஈடாக ஒன்றும் வரவில்லை. கட்டி முடித்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதை நினைத்துத்தான் பின்னாளில் அவள் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

மறுநாள் ஜுனைதா வேலியோரமெல்லாம் "பா... பா..." என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தாள்.

"எங்கட சாவலக் கண்டியா புள்ள?"

"இல்லயே ராத்தா. கீரி கொண்டு போயிருக்குமோ என்னமோ."

"கீரின்டா ரெண்டு எறகாவது கெடக்குமே" என்றாள் ஜுனைதா. மார்ஜரியும் அவளோடு சேர்ந்து தேயிலைப் பாத்திக்குள் குனிந்து தேடினாள். தேடுகிறவள்போல.

நடுப்பூச்சி பங்களாவுக்குப் போனது. துரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல வேல" என்றார். சட்டத்திலும் வைத்தார். ஆனால் அந்த மாதமே சீமைப் பார்சல் விடுபட்டு வந்து சேர்ந்தது. மார்ஜரியைக் கூப்பிட்டார்.

"இது நாட்டுக் கோழி எறகு. புஸ்தகத்தில இப்பிடி இல்ல. சரியான எறகு வந்திட்டது. வேற கட்டு."

சட்டத்திலிருந்து கழற்றிய பூச்சியைக் குப்பைக் கூடைக்கு நீட்டினார். அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

நேரே கடைக்குத்தான் போனாள். ஆட்கள் யாருமில்லை. ஜுனைதா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். மார்ஜரி பலகையின்மேல் பூச்சியை வைத்தாள்.

"ராத்தா, ஒங்க சேவல் கீரிக்குப் போகல. இதுக்குத்தான் போச்சு. நான்தான் கட்டுனேன்."

ஜுனைதா ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். விரல் நுனியால் அந்த இறகைத் தொட்டாள். ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"வேலியெல்லாம் என்னோட தேடின நேரமும் ஒனக்கு இது தெரியுமா?"

"தெரியும் ராத்தா."

"வடிவாத்தான் கட்டியிருக்காய்" என்றாள் ஜுனைதா. குரலில் கோபமே இல்லை. "நான் சாவலத்தான் தேடினன். பூச்சிய இல்ல. எடுத்துக்கிட்டுப் போ."

"ராத்தா, ஏசிப்போடுங்க. ஒரு வார்த்த ஏசுங்க."

ஜுனைதா திரும்பி அடுத்த கோப்பையைக் கழுவத் தொடங்கினாள்.

ஜுனைதா யாரிடமும் சொல்லவில்லை. தோட்டத்தில் ஒருவருக்கும் சங்கதி தெரியவராததால், மார்ஜரியை ஏச ஒருவரும் வரவில்லை. நோபர்ட் வழக்கம்போலக் கடையில் தேத்தண்ணி குடித்தான்; ஜுனைதாவும் ஊற்றிக் கொடுத்தாள். மார்ஜரி பாண் வாங்க அரை மைல் தள்ளியிருந்த கடைக்கு நடந்தாள். ராத்தாவின் கடையைத் தாண்டுகிறபோது, தனக்கு முன்னால் போகிறவளை ஜுனைதா சுகம் விசாரிப்பது கேட்கும். பின்னால் வருகிறவளை விசாரிப்பதும் கேட்கும்.

அடுத்த வாரம் துரையின் புது இறகு மேசைக்கு வந்தது. சாயம் போட்ட, ஒரே மாதிரியான ஆரஞ்சு. மார்ஜரி முள்ளை இடுக்கியில் மாட்டினாள். நூலுக்கு மெழுகு தடவினாள். கை நடுங்கவில்லை. நடுங்கினால் நன்றாயிருக்கும் என்று காத்திருந்தாள். அது பாட்டுக்குக் கட்டிக்கொண்டே போனது.