வயிற்றில் கடத்திய மா

மங்கையற்கரசியின் மகள் நிரோஜினிக்கு மூன்று வயது. பசித்தால் அழமாட்டாள். அழுவதற்கும் உடம்பில் ஏதாவது இருக்க வேண்டும் என்று மருத்துவமாது சொன்னாள். நிறுத்துப் பார்த்து, அட்டையில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே புள்ளி வைத்துவிட்டு, சத்துமாப் பைக்கட்டுகளைக் கையில் கொடுத்தாள்.

"நாள் தவறாமக் குடு புள்ள. இன்னும் கீழ போனா என்னால ஒண்டும் செய்ய ஏலா."

அந்த மாவோடு தோணித் துறைக்கு வந்தபோது இராணுவக் காவலரணில் பறித்துவிட்டார்கள். வாவிக்கு அப்பால், அவள் ஊர் இருந்த படுவான்கரை, அந்த நாட்களில் ஆயுதப் போராளி இயக்கத்தின் கையில் இருந்தது. மா, பால்மா, சவர்க்காரம், பற்றரி எதுவும் பொதியாக அக்கரை போகக்கூடாது என்பது கட்டளை. மணல் மூட்டைகளுக்குப் பின்னால், முன்னே போனவர்களிடம் பறித்த மா ஏற்கெனவே குவிந்து கிடந்தது.

"இது காட்டுல இயக்கத்துக்குப் போற மா," என்றான் கோப்ரல், அரைகுறைத் தமிழில்.

மங்கையற்கரசி மகளின் சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினாள்.

"இந்தக் கையைப் பாருங்க சேர். காட்டுக்கு மா அனுப்புறவட புள்ளைட கையா இது?"

கோப்ரல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த நேரம் பார்த்துப் படுவான்கரைத் தோணியிலிருந்து பால் கலன்களும் தயிர்ச் சட்டிகளும் இறங்கின. கோலால் தட்டிப் பார்த்துப் போக விட்டார்கள். பட்டணத்தில் தேநீர் நேரம்.

"எங்கட பால் இஞ்சால வரலாம், எங்கட நெல்லு வரலாம், மா மட்டும் அங்கால போக ஏலாதோ? அங்கால இருக்கிற எங்களுக்கு வயிறில்லையோ?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். கோப்ரலுக்கு முகம் சிவந்தது. பைக்கட்டுகளை எடுத்து அவள் காலடியில் எறிந்தான்.

"இங்கே தின்னு! வயித்துல கொண்டு போ! அதைத் தடுக்க ஓடர் இல்ல!"

அவன் கேலியாகத்தான் சொன்னான். அவள் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டாள்.

துறையடியில், எல்லாரும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் காத்தான்குடி முத்தலிப்பின் தேநீர்க் கடை இருந்தது.

"காக்கா, கொஞ்சம் சுடுதண்ணி தாங்க."

"தேத்தண்ணி போடவா தங்கச்சி?"

"வேணாம் காக்கா. கடத்தல் வேலை."

முத்தலிப் ஒருமுறை காவலரணைப் பார்த்தார். பிறகு சுடுதண்ணியோடு ஒரு பிடி சீனியும் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார்.

காவலரணுக்கு நேர் எதிரே மணலில் குந்தியிருந்து மாவைக் குழைத்து, உருண்டை பிடித்து ஊட்டினாள். நிரோஜினி மெல்லவில்லை, துப்பவுமில்லை. உருண்டையைக் கன்னக் கொடுப்புக்குள் வைத்துக் கரையவிட்டு வாவியைப் பார்த்தபடி இருந்தாள். தோணி போயிற்று. அடுத்த தோணியும் போயிற்று. கிண்ணம் ஒழியும் வரை மங்கையற்கரசி எழும்பவில்லை. மிச்ச மா முத்தலிப்பின் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் தங்கியது.

மறுநாள் காலையும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். வரிசையில் நின்று சிரித்த பெண்களில் ஒருத்தி, சீதேவிப்பிள்ளை, கிளினிக் மாவோடு தன் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுவந்து பக்கத்தில் இருத்தினாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். மணலில் பிள்ளைகளின் வரிசை நீண்டது. முத்தலிப் தேநீர்க் கோப்பைகளையெல்லாம் மாக் குழைக்கக் கொடுத்துவிட்டு, "யாபாரம் படுத்துப்போச்சு, கடை மட்டும் நிறைஞ்சிருக்கு," என்று சிரித்தார்.

ஒரு காலை ஜீப்பில் அதிகாரி வந்தான். அவன் சிங்களத்தில் சொன்னதைக் கோப்ரல் தமிழில் சொன்னான்.

"கூட்டம் கூட ஏலா."

"கூட்டமில்ல சேர், பந்தி," என்றாள் மங்கையற்கரசி.

அதிகாரி முத்தலிப்பின் பக்கம் திரும்பிக் கடையை மூடச் சொன்னான்.

"மூடுறன் சேர்," என்றார் முத்தலிப். "சுடுதண்ணியை நாளைக்கு வீட்டயிருந்து கொண்டுவாறன்."

அதிகாரி குனிந்து, நிரோஜினியின் மடியிலிருந்த கிண்ணத்தைப் பறித்தான்.

நிரோஜினி வெறும் மடியைப் பார்த்தாள். அதிகாரியை அண்ணாந்து பார்த்தாள். உதடு கோணியது. பிறகு துறையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு வீரிடல்.

அது யாருடைய குரல் என்று மங்கையற்கரசிக்கே ஒரு கணம் தெரியவில்லை. தெரிந்ததும் மணலில் அடித்துச் சிரித்தாள்.

"கத்துடி கிளி! நல்லாக் கத்து! உன்ட சாப்பாட்டைக் கேட்டுக் கத்து!"

அதைக் கேட்டுச் சீதேவிப்பிள்ளையின் பிள்ளைகள் தொடங்கினார்கள்; பிறகு வரிசை முழுவதும். அதிகாரியின் வாய் அசைந்தது. என்ன சொன்னான் என்று பக்கத்தில் நின்ற கோப்ரலுக்கே கேட்கவில்லை. அதிகாரி கிண்ணத்தை மணல் மூட்டை மேல் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினான். ஜீப் மறைந்ததும் கோப்ரல் அதை எடுத்து, யாரையும் பார்க்காமல், நிரோஜினியின் மடியில் வைத்தான்.

அவள் விக்கி விக்கி மென்றாள். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள், இன்னும் வேண்டுமென்று.

"நாளைக்கும் வாறம் சேர்," என்றாள் மங்கையற்கரசி. "இந்த வெயிலுக்க இருந்து தின்ன எங்களுக்கும் ஆசையில்ல. வராம இருக்கோணுமெண்டா மாவை அங்கால விடுங்க."

தோணியேறும்போது கோப்ரல் அவளுடைய பையைக் குடைந்து பார்த்தான். கிளினிக் அட்டையைத் தவிர ஒன்றுமில்லை. கையை அசைத்துப் போகச் சொன்னான்.

இடுப்பில் இருந்த நிரோஜினி அவன் முகத்துக்கு நேரே ஏப்பம் விட்டாள்.