ஷூபினின் வைக்கோல்போருக்கு எந்த ஆண்டு?

1

லெனின்கிராதில் ஓர் ஓவியக் கருத்தரங்கு. "இந்த வைக்கோலுக்குள்ளேயே வட்டத்தின் கரு உறங்குகிறது" என்றார், ஒரு வைக்கோல்போர் ஓவியத்தைக் காட்டிய அறிஞர். நான் சிரித்துத் தொலைத்தேன்; வெளியே அனுப்பினார்கள். நடையில் நின்றபடி எழுதத் தொடங்கியது இது. ஓவியரை நானே செய்துகொண்டேன்.

முதல் வாக்கியம்: நெவா நதியின் மேல் பனி மௌனமாக...

வேண்டாம். ரஷ்யா என்றதும் பனியைக் கொட்டிவிடுகிறோம். ஜூன் மாதம். நல்ல வெயில்.

2

லவ்ரென்தி ஷூபின் (மேதை என்று எழுதி அடித்துவிட்டேன், அதை அவரே சொல்லிக்கொள்வார்) 1912இல் பெண்களைக் கட்டம் கட்டமாக நறுக்கினார். 1915இல் பெண்களை விட்டுவிட்டு மஞ்சள் வட்டங்கள். 1919இல் வெறும் சட்டத்தை மாட்டிவைத்து, அதற்கு இரண்டு மணி நேரம் விளக்கம் சொன்னார். 1932இல் வைக்கோல்போர். பசு பார்த்தால் வாய் வைக்கும், அப்படி ஒரு வைக்கோல்.

எதையும் முதலில் செய்தது தானே என்று காட்ட, படத்தில் பழைய ஆண்டைப் போடுவது அந்தப் புதுமை ஓவியர் கூட்டத்தில் பலருக்கு வழக்கம். போன வாரம்தான் வண்ணம் காய்ந்த வைக்கோலில் ஷூபின் 1908 என்று எழுதினார். வட்டத்திலிருந்து வைக்கோலுக்கு இறங்கினான் என்று எவனும் சொல்லிவிடக் கூடாதே.

3

வட்டம், கட்டமெல்லாம் இப்போது அரசுக்கு ஆகாது. அவர் வட்டத்தை விட்டுத் திருந்தினாரா என்று பார்க்க, ஓவியர் சங்கக் குழு இன்று வருகிறது. திருந்தவில்லையென்றால் குடியிருக்கும் ஸ்டூடியோ பறிபோகும். மனைவி கிளாஃபிரா படங்களை ஆண்டுவாரியாக மாட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"லவ்ரூஷா, இங்க வந்து பாரு. 1908ல ஒழுங்கா வரைஞ்சிருக்க. அப்புறம் வருஷா வருஷம் கெட்டுப்போயிருக்க."

"அது வளர்ச்சி, கிளாஷா."

"வர்றவங்களுக்கு வியாதி. வைக்கோலுக்கு இந்த வருஷத்தப் போடு."

"பயந்துட்டான்னு சிரிப்பானுங்க."

"பயந்துதானே வரைஞ்ச?"

"ஆமா. ஆனா நல்லா வந்திருக்கே."

"வந்திருக்கு. அதுக்காகவாவது ஒரு தடவ நெசத்த எழுதேன்."

(ஆயுளில் முதல் முறையாக உண்மையால் அவருக்கு லாபம்.)

4

முடிவு ஒன்று: 1932. வீடு தங்கும், நண்பர்கள் சிரிப்பார்கள்.

முடிவு இரண்டு: 1908. வரலாற்றில் ஏறுமுகம், இருவரும் மூட்டைமுடிச்சோடு தெருவில்.

மூன்றாவது, வட்டங்களுக்கெல்லாம் 1898 என்று... அப்போது அவருக்கு ஒன்பது வயது. கிளாஃபிரா அவர் தலையில் கவிழ்க்க வாளியைத் தூக்கிவிட்டாள். நீக்கிவிட்டேன்.

5

பழைய ஆண்டைச் சுரண்டியாயிற்று. படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். ஷூபின் 19 என்று எழுதிவிட்டார். அதுவரை இரண்டு வழிக்கும் பொது. கதவருகே கிளாஃபிரா காது கேளாதவள்போல் "யாரு?" என்கிறாள். மறுபடியும் "யாரு?" மூன்றாம் முறை கேட்டால் சந்தேகப்படுவார்கள்.

ஷூபின் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். இந்தாருங்கள் தூரிகை. இரண்டே இலக்கம். சீக்கிரம், தாழ்ப்பாளில் கைவைத்துவிட்டாள்:

19