ஷீட்டில் இல்லாத வரி

திரும்பி நிற்கிறாள், ஜன்னல் பக்கமாக, முதுகும் நீளப் பின்னலும்தான் திரையில் தெரிகின்றன, வாய் தெரியவில்லை, வாய் தெரியாத இடத்தில் குரல் கொடுப்பவள் என்ன வேண்டுமானாலும் பேசலாம், உதட்டோடு பொருத்திப் பார்த்துக் குற்றம் சொல்ல யாராலும் முடியாது, திலகவதிக்கு அந்தத் தொழில் ரகசியம் இருபத்தைந்து வயதிலேயே அத்துப்படி, திரையில் நிற்பவள் வடக்கேயிருந்து வந்த நடிகை, தமிழில் ஒரு சொல் தெரியாது, கேமரா முன்னால் ஒன்று இரண்டு மூன்று என்று எண்களைச் சொல்லியே அழுதுவிட்டுப் போய்விடுவாள், அந்த எண்களின் மேல் வார்த்தையை ஏற்றி ஊரையே அழவைப்பது திலகவதியின் வேலை, அதை அவளைப் போலச் செய்ய அன்றைக்குக் கோடம்பாக்கத்தில் ஆள் இல்லை, பெருமைக்காக அல்ல, உண்மை என்பதால் இன்றைக்கும் சொல்லிக்கொள்வாள். அம்மா, நூத்திப் பன்னெண்டாம் பக்கம், ரெடியா, என்று காதில் கேட்கிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ரெக்ஸ், இது சாலிகிராமம், இப்போது திலகவதிக்கு அறுபத்தாறு வயது, முன்னால் இருப்பது ஒரு நாவல், அதை ஒலிப்புத்தகமாகப் படித்துத் தர அழைத்திருக்கிறார்கள், எழுதியவர் சிகாமணி, ஒரு காலத்தில் சினிமாவில் உதவி எடிட்டர், அந்த நாவலில் வரும் குரல்காரி யார் என்பது பதிப்பகத்துக்குத் தெரியாது, ரெக்ஸுக்கும் தெரியாது, தெரிந்தவள் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நான் எப்பவோ ரெடி, என்றாள்.

படிக்கப் படிக்க அந்தப் பழைய டப்பிங் தியேட்டர் வந்துவிடுகிறது, பக்கத்து நாற்காலியில் காப்பி ஃபிளாஸ்கோடு அம்மா, மகளை நிழலாகத் தொடர்ந்த அம்மா, கதவைத் தள்ளிக்கொண்டு சிகாமணி வருகிறார், வசனத் தாள்களைக் கொண்டுவந்து தருவது அவர் பொறுப்பு, எட்டு மாதமாகத் தந்துகொண்டிருக்கிறார், எட்டு மாதமாக அவற்றின் பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதித் தருகிறார், அன்றைக்கு எழுதியிருந்தது மட்டும் நான்கு வரி, வெள்ளிக்கிழமை பத்து மணி, வடபழனி கோயில், மாலையோடு நிற்பேன், புதனுக்குள் பதில் இல்லையென்றால் வர விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு பெங்களூர் வேலைக்குப் போய்விடுவேன். புதனும் வந்துவிட்டது, அம்மா பக்கத்தைவிட்டு அசையவில்லை, எழுதிக் கொடுக்க வழியில்லை, எட்டாவது ரீல் ஓடுகிறது, நடிகை ஜன்னல் பக்கம் திரும்புகிறாள், திலகவதி மைக்கை நெருங்கி, வரேன், சொன்ன நேரத்துக்கு வரேன், எனக்கு முன்னாடி நீங்க வந்து நிக்கணும், என்று சொல்லிவிட்டாள், தாளில் இல்லாத வரி, வசனம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு கணம் நெற்றியைச் சுருக்கிவிட்டு, சீனுக்கு நல்லாத்தான் இருக்கு, என்று விட்டுவிட்டார், அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்தாள், இன்று சாயங்காலம் அந்த ஒலிநாடா நேராக சிகாமணியின் மேசைக்குத்தான் போகும் என்ற நிம்மதியில் திலகவதி அந்தக் காப்பியை ரசித்துக் குடித்தாள். வெள்ளிக்கிழமை அம்மாவிடம் ஏதோ பொய் சொல்லிவிட்டுப் போய் நின்றாள், நடை சாத்தும்வரை நின்றாள், அவர் வரவில்லை.

கேட்டும் வராதவர் என்றே நாற்பது வருடத்துக்கு மேல் நினைத்திருந்தாள், அந்தப் படத்தைப் போய்ப் பார்க்கவும் இல்லை, அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்தவளில்லை, மின்வாரியத்தில் வேலை பார்த்த நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பிள்ளைகள், முந்நூறு படம், கணவர் போனபிறகும் தலை நிமிர்ந்துதான் நடக்கிறாள், ஆனாலும் நெஞ்சில் ஒரு முள், என் பதிலைக் கேட்டும் ஒருவர் வேண்டாம் என்றுவிட்டாரே என்ற முள், அது மட்டும் போகவேயில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படிக்கிறாள், குரல் பிசகாமல் படிக்கிறாள், புதன்கிழமை எட்டாவது ரீல் வந்தது, முதுகு ஷாட்டில் வசனத் தாளில் இல்லாத ஒரு வரி கிடந்தது, சென்சாருக்குப் போகும் பிரதியில் இல்லாத வார்த்தை படத்தில் இருக்கக்கூடாது, ஒலிநாடாவில் ஏழடியை வெட்டிக் கூடையில் போட்டேன், அவளுடைய பதிலுக்காக உயிர் துடித்துக்கொண்டிருந்தபோதும் வேலையில் என் கை பிசகவில்லை, விடியும்வரை காத்திருந்தேன், அவள் பதில்.

அங்கே நின்றுவிட்டாள், சொல்லவில்லை என்று முடிகிறது அந்த வாக்கியம். என்னம்மா ஆச்சு, தண்ணி வேணுமா, என்று ரெக்ஸ் கேட்கிறார், தண்ணீர் வேண்டாம், அவளுக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே கண்ணிலிருந்து கொட்டுகிறது, அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைத் தனக்கான பதிலாக அவர் கேட்கவே இல்லை, தன் கையாலேயே வெட்டிப் போட்டுவிட்டு அதைச் சாமர்த்தியம் என்று புத்தகத்திலும் எழுதி வைத்திருக்கிறார் மனுஷன். அந்த வாக்கியத்தை என்னால படிக்க முடியாது ரெக்ஸ், அது தப்பு, அவர் நம்பரைக் குடுங்க, என்றாள்.

சிகாமணி சாருங்களா, திலகவதி பேசறேன். சொல்லுங்க திலகா, என்கிறார் அவர். அவள் சுற்றி வளைக்கவில்லை, எட்டாவது ரீல்ல நீங்க வெட்டினது வசனம் இல்ல, நான் உங்களுக்குச் சொன்ன பதில், என்றாள். ரெக்ஸ் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்க குரல்னே எனக்குத் தோணல திலகா, எட்டு மாசமா அந்த நடிகை முகத்தோடயே கேட்டுக் கேட்டு, அவ பேசறதாவே ஆயிடுச்சு, என்கிறார், அப்ப வெள்ளிக்கிழமை, என்று இழுக்கிறார். வந்தேன், நடை சாத்தற வரைக்கும் நின்னேன். நான் வியாழக்கிழமை ராத்திரியே ரயிலேறிட்டேன், என்று அழுகிறார், எழுபது வயதுக்காரர், அவளுக்குக் கோபம் வரவில்லை, தன் தொழிலில் தான் எவ்வளவு கெட்டிக்காரி என்பதற்கு இத்தனை பெரிய விலையா என்றுதான் தோன்றியது, முள் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள், வலிக்கவில்லை.

நாவலைத் திருத்தணும், அடுத்த பதிப்புல அந்த வரியைப் போட்டுடறேன், என்ன சொன்னீங்க திலகா, ஒரே ஒரு தடவை சொல்லுங்க. நுனி நாக்கில் இருக்கிறது, ஒரு சொல் மறக்கவில்லை, ஆனால் சொல்லவில்லை, வெட்டியவர் கொஞ்சம் தேடட்டும். நீங்கதானே எழுத்தாளர், என்ன சொல்லியிருப்பேன்னு எழுதி அனுப்புங்க, என் வாய்க்குப் பொருந்துதான்னு நான் பேசிப் பாக்கறேன். பொருந்தலேன்னா, என்று கேட்டார், சின்னப் பையனைப் போல பயந்து. பொருந்தற வரைக்கும் ரீடேக் போவோம், நாளைக்கும் எனக்கு இங்கதான் கால்ஷீட், என்றாள்.