குப்பியைக் குலுக்குவதற்கு முன்

1.

இந்தக் கதை பிறந்தது நோயிலிருந்து அல்ல, என் சோம்பேறித்தனத்திலிருந்து. மூச்சுத்திணற வைக்கும் அந்தக் கிருமி பரவிய நேரத்தில் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, "நோயைப் பத்தி ஒரு கதை குடுங்க, சூடா இருக்கணும்" என்றார். என்னிடம் இருந்ததோ எங்குமே விலைபோகாத ஒரு காதல் கதை. நாயகிக்கு வெள்ளைக் கோட்டு மாட்டினேன், காதலனை நீக்கினேன். அவன் பேசிய வசனத்தில் பாதியை அவளுடைய மேலதிகாரிக்குக் கொடுத்துவிட்டேன். அவர் வாயில் ஏதாவது ஒட்டாமல் தொங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2.

முதல் தொடக்கம்: "ஆய்வகத்தின் கண்ணாடி ஜன்னலில் மழைத்துளிகள் அவளுடைய கண்ணீரைப் போல..."

[வேண்டாம். பழைய கதையின் மழை இங்கே ஒழுகுகிறது.]

இரண்டாவது தொடக்கம்: அவள் மருந்துக்கான புரதம் தயாரிக்கிறவள். அவளுடைய புரதம் முதலில் முழங்கால் வீக்கத்துக்காகச் செய்யப்பட்டது. முழங்கால்கள் அசைந்து கொடுக்கவில்லை. பிறகு தோல் அரிப்புக்கு மாற்றினார்கள். அரிப்பு அதுபாட்டுக்கு இருந்தது. தோற்ற மருந்துகளைத் தூக்கிப் போட மனசு வராத அவளுடைய மேலதிகாரிக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் மறுபிறவி. கிருமி வந்ததும் அவர் பழைய விளக்கப் படத்தைத் திறந்து, முழங்காலை அழித்துவிட்டு நுரையீரலை ஒட்டினார்.

"வீக்கம் வீக்கந்தானேம்மா? எங்க இருந்தா என்ன?"

"முழங்காலும் நுரையீரலும் ஒண்ணா சார்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே பரிசோதனை! உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

(அடிக்குறிப்பு மாதிரி: இவரை முழு முட்டாளாக்கத்தான் நினைத்திருந்தேன். ஆனால் இப்படி இடம் மாறிப் போன மருந்து சில சமயம் நிஜமாகவே உயிரைக் காப்பாற்றிவிடும். நையாண்டி எழுதுகிறவர்களுக்கு இதைவிட எரிச்சலான விஷயம் கிடையாது.)

3.

நோயாளிகளில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி. யாருக்கு எது என்று யாருக்குமே தெரியக் கூடாது. ஆகவே போலி மருந்து அசலைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். அதைத் தயாரிக்க நாளாகும் என்றதும் மறுபிறவி பொறுமை இழந்தார். சாதாரண உப்புநீரை அடைக்கச் சொன்னார்.

"சார், புரதத்தைக் குலுக்கினா முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரை நிக்கும். உப்புநீர்ல நிக்காது. லேசா ஒரு குலுக்கு போதும், தெரிஞ்சிடும்."

"ஆஸ்பத்திரியில யாரும்மா மெனக்கெட்டுக் குலுக்கிப் பாக்கப் போறா?"

4.

அவளுடைய அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். "பிரேக்! பிரேக்!" என்று கத்தியே தெருவை நிறுத்துகிற குரல். இப்போது வார்டில், மூக்கில் குழாயோடு கிடக்கிறாள். பரிசோதனைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

"உன் அக்காவா? ரொம்ப நல்லதாப் போச்சு. பத்திரமாக் கொண்டு போவே" என்று மறுபிறவி குளிர்பெட்டியை இவளிடமே கொடுத்தனுப்பினார். பெட்டிக்குள் இரண்டு குப்பிகள். ஒன்று அக்காவுக்கு, இன்னொன்று பக்கத்துக் கட்டில்காரருக்கு. ஒன்றில் மருந்து, மற்றதில் உப்புநீர், சீட்டில் வெறும் எண்தான்.

"என்னடி, நீ சமைச்சதா?"

"ஆமாக்கா."

"அப்ப வாயில வைக்க... நீ ஏண்டி முகத்தை இப்படி..."

(இந்த வாக்கியங்களைப் பாதியில் விட்டது நான் அல்ல. அக்காவுக்கு மூச்சு அவ்வளவுதான்.)

நர்ஸ், "எண்ணைப் பாத்து ஆளுக்கு ஒண்ணா எடுத்து வைங்க, ஊசியோட வந்துடறேன்" என்று வெளியே போனாள். முழங்காலுக்கே உதவாத சரக்கு என்று காலையில்கூடச் சிரித்த தங்கை, இப்போது அக்காவின் குப்பியில் அந்தச் சரக்குதான் இருக்க வேண்டும் என்று கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிடுகிறாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. பாவமாக இருக்கிறது.

5.

முடிவு அ: குலுக்குகிறாள். நுரை நிற்கிறது. அக்கா பிழைக்கிறாள், மறுபிறவிக்கு விருது. பத்திரிகை ஆசிரியருக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்குக் கூசுகிறது.

முடிவு ஆ: அவள் குலுக்கவே இல்லை. முறைப்படி ஊசி போடப்படுகிறது. ஒரு வாரத்தில் அக்கா...

[இதை எழுத மாட்டேன்.]

முடிவு இ: குலுக்குகிறாள். நுரை இல்லை. சத்தமில்லாமல் இரண்டு குப்பிகளின் சீட்டையும் மாற்றி ஒட்டுகிறாள்.

உண்மையைச் சொன்னால் நான் தயார் செய்து வைத்திருந்தது இதைத்தான். அதற்காகவே பக்கத்துக் கட்டில்காரருக்கு மனைவி, மக்கள், குரல் எதுவும் கொடுக்கவில்லை. சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன். முகம் தெரியாத ஆளிடமிருந்து எடுப்பது சுலபம் இல்லையா?

ஆனால் இந்த வரியை எழுதும்போது அவர் திரும்பிப் படுக்கிறார். நான் சொல்லவில்லை, அவராகத்தான் திரும்பினார்.

"தங்கச்சியாம்மா நீங்க? அவங்க சாயலே இருக்கு. முதல்ல அவங்களுக்குப் போடச் சொல்லுங்க, ரொம்ப இழுக்குது. நான் இருந்துக்கறேன்."

நர்ஸின் செருப்புச் சத்தம் நெருங்குகிறது. குப்பிகள் இரண்டும் அவள் கையில். எனக்கு இதற்கு மேல் ஒரு வரிகூட ஓடவில்லை. குலுக்க வேண்டுமென்றால் நீங்கள் குலுக்கிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும், குலுக்கும்போது அந்த மனிதரின் முகத்தைப் பாருங்கள்.