தலையணை உறைக்குள் ஒரு கை

எல்லா ஃபோனும் ஏன் ஒரே மாதிரி இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். எல்லாச் செருப்பும் ஏன் ஒரே மாதிரி இருக்கிறது என்று யாராவது கேட்கிறார்களா? கால் அப்படி இருக்கிறது, செருப்பும் அப்படி இருக்கிறது. ஃபோனின் வயிற்றை பேட்டரி அடைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் மூலையில்தான் கேமரா ஒண்டிக்கொள்ள வேண்டும். முனை கூராக இருந்தால் விழும்போது கண்ணாடி விரியும், சட்டைப்பையும் கிழியும். அதனால் முனை உருண்டை. இதில் யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்பது வெட்டிப்பேச்சு என்பதே என் கட்சி.

என் வேலையே ஃபோனுக்கு உடம்பு செய்வது. கம்ப்யூட்டரில் வரைவதற்கு முன் கெட்டியான ஃபோமில் செதுக்கி, கையில் பிடித்துப் பார்ப்பேன். என் தங்கைக்கும் இதே வேலை, போட்டிக் கம்பெனியில். வெளியே இரண்டு கம்பெனியும் எலியும் பூனையும். வீட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே சோப்பு, ஒரே சீப்பு.

ஆபீஸ் விஷயம் வாசலோடு சரி என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதில் ஒரே ஒரு ஓட்டை வைத்திருந்தேன். எனக்குக் கை பெரியது. நான் பிடித்தால் எந்த ஃபோனும் அடக்கமாகத்தான் தெரியும். சின்னக் கை ஒன்று தேவைப்பட்டது. அதனால் ஃபோம் மாடலைப் பழைய தலையணை உறைக்குள் போட்டுத் தங்கையிடம் நீட்டுவேன். அவள் உள்ளே கையை விட்டுப் பிடிக்கலாம், பார்க்கக் கூடாது.

"என்னக்கா, கோழி பிடிக்கச் சொல்றியா?" என்பாள்.

"வாயை மூடிட்டுப் பிடி. கட்டைவிரல் எங்க உக்காருதோ அங்க நகத்தால ஒரு அழுத்து அழுத்து."

வெளியே எடுத்தால் ஃபோமில் நகக்குறி இருக்கும். பவர் பட்டன் அந்த இடத்தில்தான். எங்கள் புது ஃபோனில் அது மற்ற ஃபோன்களைவிடக் கொஞ்சம் கீழே இறங்கி வந்தது. "புதுசா இருக்கே, இதுதான் நம்ம முத்திரை" என்று மேனேஜர் தூக்கி வைத்துப் பேசினார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

எங்களுடையது கடைக்குப் போவதற்குள் போட்டிக் கம்பெனி தங்களுடையதை வெளியே விட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"கேமரா, முனை எல்லாத்தையும் விடுங்கம்மா. அதெல்லாம் அவசியம்னு நீங்க சொல்ற நியாயத்தை ஒத்துக்கறேன். இந்த பட்டனுக்கு என்ன நியாயம்? உலகத்துல வேற யாரும் அங்க வைக்கலையே."

விரலால் தடவிப் பார்த்தேன். அதே இடம்.

"அங்க இதைப் பண்ணினது உங்க தங்கச்சியாம். நாளைக்கு வக்கீல் வர்றார். இது காப்பிதான், வேற காரணமே இருக்க முடியாதுன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். குடுக்கலேன்னா, விஷயம் வெளியே போனது உங்க மூலமாத்தான்னு ஆயிடும்."

எழுதிக் கொடுத்தால் அவள் வேலை போகும். திருடி என்று பெயர் வந்துவிட்டால் இந்தத் தொழிலில் வேறு எவனும் அவளைச் சேர்த்துக்கொள்ளவும் மாட்டான். அதனால் முதலில் காரணம் தேடினேன். ஆபீஸில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் எங்கள் ஃபோனைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். வரவேற்பில் இருந்த பெண், காவலாளி, கணக்குப் பார்ப்பவர். எல்லோருடைய கட்டைவிரலும் பட்டனைத் தாண்டி மேலே, மற்ற ஃபோன்களில் பட்டன் இருக்கும் இடத்தில்தான் உட்கார்ந்தது. அவசியம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அப்படியானால் காப்பிதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது தங்கை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"உங்க ஃபோன்ல பட்டனை ஏன் அங்க வெச்ச?"

"ஏன், என்ன?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடி. உறைக்குள்ள தடவிப் பார்த்துட்டு அப்படியே கொண்டுபோய் வெச்சியா? உண்ட வீட்டுக்கே ரெண்டகமா? திருடி!"

அவள் குழாயை மூடினாள். சோப்பு நுரையோடு வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அங்கதான்க்கா எனக்கு எட்டும்."

அவளுடைய வலது கட்டைவிரல் பிறவியிலேயே குட்டை. இடது கையோடு ஒட்டிப் பார்த்தால் ஒரு நகத்தளவு வித்தியாசம் தெரியும். இது எனக்குத் தெரியாததா? அவள் பிறந்த நாளிலிருந்து பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து அது எனக்கு வெறும் விரலாகிவிட்டது.

"சரி, உன் ஃபோன்ல ஏன் அங்க இருக்கு?" என்றாள்.

அவள் கண் நாற்காலிமேல் கிடந்த தலையணை உறைக்குப் போய் என்னிடம் திரும்பியது.

"அடிப்பாவி! என் விரலைக் காப்பியடிச்சுட்டு என்னையே திருடிங்கறியா?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் சீக்கிரம் விடவில்லை, விடவும் கூடாது. வசவெல்லாம் தீர்ந்த பிறகுதான் கேட்டாள்.

"நாளைக்கு இதைச் சொன்னா என்ன ஆகும்?"

"ரகசிய மாடலை வீட்டுக்குக் கொண்டுவந்ததுக்கு என் வேலை போகும்."

"சொல்லலேன்னா என்னுது போகும்."

அவள் மிச்சப் பாத்திரத்தைத் தேய்த்தாள். நான் துடைத்து அடுக்கினேன்.

மறுநாள் தலையணை உறையை மடித்துக் கைப்பையில் எடுத்துப் போனேன். வக்கீல் மெலிந்த மனிதர், எதற்கும் அவசரப்படாதவர். நான் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்ததும் உறைக்குள் தன் கையை ஒருமுறை விட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கேஸ் நிக்காது சார்," என்றார் மேனேஜரிடம். "அசல் எங்கன்னு கோர்ட்ல கேப்பாங்க. அசல் அவங்க ஆளோட கையில இருக்கு."

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "வெளியாள்கிட்ட மாடலைக் காட்டினீங்களா?"

"காட்டலை சார். அவ பார்க்கவே இல்லை."

"கை பார்த்துச்சே!"

இத்தனை நாள் உறைக்குள் பிடித்த பிடி அவள் விரலுக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை என்று நான் எதை வைத்துச் சத்தியம் செய்வேன்? அன்றே என் மேஜையைக் காலி செய்யச் சொன்னார்கள். போட்டிக் கம்பெனிக்கு நோட்டீஸ் போகவில்லை. தங்கை வேலையில் நீடித்தாள்.

ஆனால் வம்பு எதற்கு என்று என் பழைய கம்பெனி ஆட்கள் பட்டனை மேலே ஏற்றிவிட்டார்கள். எப்படியோ விஷயம் காதில் விழுந்து போட்டிக் கம்பெனியும் அடுத்த மாடலில் மேலே ஏற்றியது. மற்ற எல்லா ஃபோனிலும் இருக்கும் இடத்துக்கே இரண்டும் போய்ச் சேர்ந்தன. இனி யாரும் யாரையும் காப்பி என்று சொல்ல முடியாது.

அந்தப் புது மாடலைத் தங்கை ஒருநாள் மாலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவளே வடிவமைத்தது. நான் வேலை தேடி நாலு இடம் அலைந்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். என் முன்னால் நின்று அதை வலது கையில் பிடித்து, கட்டைவிரலை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் நீட்டினாள். ஃபோன் வழுக்கியது, இடது கையால் தாங்கிப் பிடித்தாள்.

"எட்டலைக்கா," என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போன அன்றுகூட வரவில்லை. அவள் கையிலிருந்து அதை வாங்கி, பட்டனை அழுத்தித் திருப்பிக் கொடுத்தேன்.