வலது லேனுக்கு ஒரு கோவிந்தா

“திருப்பதி மேம்பாலத்தையே தொண்டையால தள்ளி நவுத்தினவன் நான்!” என்றார் கன்னையா, கல்யாணப் பந்தியில் இரண்டாவது லட்டைப் பிட்டுக்கொண்டே.

எதிர்வரிசையில் மூன்று பேருக்கு ரசம் புரையேறியது. சித்தூர் டிப்போவில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர் கன்னையா. அவர் ஹாரன் அடித்தால் சாலையோர மாங்காய் பழுத்துவிடும் என்பது ஊரறிந்த செய்தி, பரப்பியவரும் அவரேதான். தங்கை புருஷன் வேங்கடாசலம் மட்டும் அவர் சொல்வதைப் பத்தால் வகுப்பார். வகுத்து வந்ததையும் நம்ப மாட்டார்.

ஆனால் அன்று காலை நடந்தது இதுதான்.

மணப்பெண் அக்ஷயா வேங்கடாசலத்தின் மகள். கல்யாணம் திருப்பதியில். தாலியைக் குடிபாலா கிராமத்தில் குலதெய்வத்தின் காலடியில் வைத்து, கல்யாணத்தன்று விடிந்த பிறகுதான் எடுத்துவர வேண்டும். எடுத்துவர வேண்டியவர்கள் அப்பாவும் தாய்மாமனும். அது அந்த வீட்டு வழக்கம். இருவரும் வாடகைக் காரில் கிளம்பினார்கள். தாலிப்பை வேங்கடாசலத்தின் மடியில் இருந்தது. டிரைவர் ரங்கன் காற்றாய்ப் பறந்து திருப்பதிக்கு வந்து மேம்பாலத்தில் ஏற்றினான். ஏறியதோடு சரி. முன்னால் ஆயிரம் வண்டி. கன்னையா கணக்கில் பத்தாயிரம். பாலத்தின் மேல் சந்தும் கிடையாது, பொந்தும் கிடையாது.

“முகூர்த்தம் போச்சு மச்சான்!” என்றார் வேங்கடாசலம். உள்ளங்கை வியர்வையில் மஞ்சள் பை நனைந்தது.

கன்னையா இறங்கி முன்னால் நடந்தார். பாலத்தின் முதுகில், ஏழு மலையும் பளிச்சென்று தெரிகிற இடத்தில், மாலை போட்ட புத்தம்புதுக் கார் ஒன்று வலது லேனில் நின்றது. அதன் சொந்தக்காரர் சூளூர்பேட்டை ஹரிபாபு, மலையைப் பார்த்த பரவசத்தில் அங்கேயே கற்பூரம் கொளுத்திப் பூசணிக்காயும் உடைத்திருந்தார். காருக்கு முன்னால் வலது லேன் முழுக்கச் சிதறிய அந்தக் கூழில் ஒரு பைக் சறுக்கி விழுந்திருந்தது. நல்லவேளை, கிழிந்தது பேண்ட் மட்டும்.

“ஏமய்யா! திஷ்டி சுத்த பாலம்தான் கிடைச்சுதா?”

“சாமி தெரிஞ்சாரு சார்... சேதுலு, கை ரெண்டும், அது வாட்டுக்கு மேல போயிடுச்சு,” என்று கும்பிட்ட கையை இறக்காமலே சொன்னார் ஹரிபாபு.

வலது லேன் வண்டி அத்தனையும் இடது லேனில் மூக்கை நுழைக்க, இடது லேன்காரர்கள் இடம் விட மறுக்க, எவனும் நகரவில்லை. ஹாரன் சத்தத்தில் மலையே காதைப் பொத்திக்கொண்டிருக்கும்.

கூழை வழித்தெடுக்கும்வரை வலது லேன் திறக்காது. ஹரிபாபு குடும்பத்தை அந்த வேலையில் இறக்கிவிட்டுக் கன்னையா இரண்டு லேனுக்கும் நடுவில் நின்றார். “இடதுல ஒண்ணு, வலதுல ஒண்ணு! மாத்தி மாத்தி!” என்று கத்தினார். யார் கேட்டார்கள்? மூச்சை இழுத்து வேறொன்றைக் கத்தினார்.

“ஏடுகொண்டலவாடா, வெங்கடரமணா!”

“கோவிந்தா! கோவிந்தா!” என்றது பாலம் முழுக்க. திருப்பதியில் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் ஹாரன் அடிக்கிறவன் உண்டா?

அவ்வளவுதான், கன்னையாவுக்குப் பிடி கிடைத்தது. “வெங்கடரமணா”வுக்கு இடதுபக்கம் ஒரு வண்டி, “கோவிந்தா”வுக்கு வலதுபக்கம் ஒன்று. ஆனால் வலதுபக்கம் கைகாட்ட ஆள் வேண்டும். காருக்கு ஓடினார்.

“மாப்ள, வா. வலதுபக்கம் நின்னு கோவிந்தா சொல்லு.”

“போலீசு வந்தாலே நவுறாது, நீ கத்தியா நவுறும்? எனக்கு வெக்கமா கீது.”

“பொண்ணு மணையில குந்திகினு கீறா. உனக்கு வெக்கமா?”

வேங்கடாசலம் தாலிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். முதல் கோவிந்தா கொசு மாதிரி வந்தது. மூன்றாவதில் குரல் உடைந்து திறந்தது. வண்டிகள் பின்னல் போடுகிற மாதிரி ஒன்றோடொன்று கோத்து நகர்ந்தன. முறை தப்பி நுழைந்த ஒரு வெள்ளை வேனைப் பார்த்து இரண்டு லேனும் சேர்ந்து “கோவிந்தா!” போட்டதில், அது வெட்கப்பட்டுப் பின்வாங்கியது.

ரங்கனின் கார் இன்னும் தூரத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

“நம்ம வண்டிய முன்னால கூப்பிடு மச்சான்! நேரமாவுது!”

கன்னையாவுக்கும் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். “கூப்டா நாமளும் அந்த வேனுதான். ஒருத்தன் மொறை தப்புனா பழையபடி முடிச்சு விழும். நீ கத்து!”

வேங்கடாசலம் கண்ணை மூடிக்கொண்டு கத்தினார். ஒவ்வொரு கோவிந்தாவும் மகளுக்காகவே புறப்பட்ட மாதிரி இருந்தது. கடைசியில் ரங்கன் வந்தான், ஒழுங்காக, தன் முறையில். பின்னால் நின்ற வண்டிகள் யாரும் சொல்லாமலே அதே தாளத்தில் வந்தன. ஐயர் மூன்றாம் முறையாக வாசலைப் பார்த்தபோது தாலி உள்ளே நுழைந்தது.

இதைத்தான் பந்தியில் சொன்னார் கன்னையா. மலை எட்டிப் பார்த்ததாகவும், பாலம் ஒரு முழம் நகர்ந்ததாகவும் சேர்த்துக்கொண்டார்.

“அண்ணன் சரடு நிக்கவே நிக்காது,” என்று சிரித்தாள் தங்கை சுமித்ரா. “ஏன்யா, நீதான் நம்பவே மாட்டியே. நீயே சொல்லு.”

பந்தி முழுக்க வேங்கடாசலத்தைப் பார்த்தது. அவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மோரைக் குடித்துத் தொண்டையைச் செருமினார்.

“பாலம் நவுந்தது பொய்,” என்றார், தவளைக் குரலில். “மத்ததெல்லாம் நடந்துச்சு. வலதுபக்கத்து கோவிந்தா நான்தான்.”